பழைய ஸ்கூபா ஃபின்கள்: எது காலுக்கு இதம், எது தண்ணீரில் வேகம்?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். இது ஃபின்களைப் பற்றியது, அதாவது டைவ் செய்பவர்கள் காலில் மாட்டிக்கொள்ளும் துடுப்புகளைப் பற்றியது. நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய ஸ்கூபா சாமான்களோடு இரண்டு ஜோடி ஃபின்கள் கைக்கு வந்தன. ஒன்று, குதிகாலையும் மூடும் கிரெஸ்ஸி ரோண்டினே. மற்றது, பட்டை போட்டு இறுக்கும் ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின். எது காலுக்கு இதமாக இருக்கும்? எது நன்றாகத் தள்ளும்? இன்றைய ஃபின்களுக்கு முன்னால் இவை நிற்குமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதம் வேறு, வேகம் வேறு என்று பிரித்துப் பார்க்காதீர்கள். காலில் ஆடுகிற ஃபின், உங்கள் உதையில் பாதியை அந்த ஆட்டத்திலேயே தின்றுவிடும். அளவுக்கு மீறி விறைப்பான ஃபின் முதல் சில நிமிடம் பிரமாதமாகத் தள்ளும். பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வேகம் எங்கே இருக்கும்? ஆகவே கால் நுழையும் பகுதியை முதலில் பாருங்கள், தண்ணீரைத் தள்ளும் தகட்டைப் பிறகு பாருங்கள்.

இந்த இரண்டும் ஒரே வேலைக்காகப் பிறந்தவையும் அல்ல. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியூ ஃபின்னுக்கு 1933இல் காப்புரிமை பெற்றார். அவரிடம் உரிமம் வாங்கி அமெரிக்கர் ஓவன் சர்ச்சில் 1940இல் தயாரிப்பில் இறங்கினார். இரண்டாம் உலகப் போரில் கடற்படை நீச்சல் வீரர்களுக்கு அவருடைய ரப்பர் ஃபின்கள் போய்ச் சேர்ந்தன. குதிகாலையும் சேர்த்து மூடும் ரோண்டினே 1950களின் தொடக்கத்தில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியர் லூயிஜி ஃபெர்ராரோ. ஜெட் ஃபின் 1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதன் மூல யோசனை பிரான்ஸின் மார்செய் நகரத்து ஜார்ஜ் பூஷாவுடையது.

ரோண்டினே வெறுங்காலுக்கு, அதிகம் போனால் மெல்லிய சாக்ஸுக்கு. அளவு சரியாக அமைந்துவிட்டால் இதைவிட இதமான பழைய ஃபின்னைக் காட்டுவது கடினம். பட்டை இல்லை, கொக்கி இல்லை, பாதம் முழுவதும் சீராகப் பிடித்திருக்கும். ஆனால் அந்த "சரியாக அமைந்துவிட்டால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இறுக்கிக்கொள்ள வழியே கிடையாது. அரை அளவு பெரிதானாலும் குதிகால் வழுக்கும். சிறிதானால் பாதத்தின் மேற்புறத்தில் ரப்பரின் விளிம்பு அறுத்துச் சிவந்த கோடு போட்டுவிடும். சற்றுத் தளர்வாக இருந்தால் குதிகாலையும் பாதத்தின் வளைவையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று கிளை ரப்பர் வளையம் ஒன்று உண்டு. பழைய ஆட்கள் அதைத்தான் மாட்டிக்கொண்டார்கள். இன்றும் கிடைக்கிறது. சிறிதாக இருந்தால் மருந்தே இல்லை, அலமாரியில் வைத்துவிடுங்கள்.

ஜெட் ஃபின் வேறு ஜாதி. கால் நுழையும் பகுதி அகலமானது, தடித்த அடியுள்ள டைவிங் பூட்ஸை எதிர்பார்ப்பது. வெறுங்காலில் போட்டுக்கொண்டு "குத்துகிறது, ஆடுகிறது" என்று குறை சொன்னால் அது அதன் குற்றம் அல்ல. தகடு குட்டை, அகலம், விறைப்பு. எடையும் அதிகம், விட்டால் மூழ்கிவிடும். தண்ணீர் புகாத டைவிங் உடையான டிரைசூட்டின் கால் பகுதியில் காற்று சேர்ந்து பாதத்தை மேலே தூக்கும்போது இந்த எடை ஒரு வரம். மெல்லிய நீச்சல் உடையில் அதே எடை பாதத்தைக் கீழே இழுக்கும், உடல் சாய்ந்துவிடும். சாய்ந்த உடலைத் தள்ளுவதற்கு எந்த ஃபின்னும் கூலி கேட்கும்.

தகட்டில் உள்ள துவாரங்களைப் பற்றி அந்தக் காலத்து விளம்பரங்கள் நிறையப் பேசின. காலைத் திரும்ப இழுக்கும்போது தண்ணீர் அவற்றின் வழியே போய்விடுவதால் எதிர்ப்பு குறையும் என்பது கருத்து. அதனால் வேகம் பெரிதாகக் கூடுகிறது என்று நான் நம்பவில்லை. ஜெட் ஃபின்னின் உண்மையான பலம் கட்டுப்பாடு. தவளை உதையில், பின்னோக்கிச் செல்வதில், நின்ற இடத்திலேயே திரும்புவதில் அந்த விறைப்பான குட்டைத் தகடு சொன்னபடி கேட்கும். குகைகளிலும் மூழ்கிய கப்பல்களிலும் டைவ் செய்பவர்கள் பலர் இன்னும் அதை விடாததற்கு இதுதான் காரணம். ரோண்டினேவுக்கோ இடுப்பிலிருந்து வரும் நீண்ட, நிதானமான உதை வேண்டும். முழங்காலை மடக்கி மடக்கிச் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு இரண்டும் பிரயோஜனப்படாது.

தண்ணீருக்குள் இறங்கும் முன் ரப்பரைச் சோதியுங்கள். கால் பகுதியும் தகடும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக வளையுங்கள். மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தால் அது கண்காட்சிப் பொருள்தான். விரலைத் தேய்த்தால் பிசுபிசுத்துக் கறுப்பு ஒட்டிக்கொண்டாலும் அப்படியே. வெயிலும் ஓசோனும் ரப்பரின் எதிரிகள். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஜெட் ஃபின்னின் பட்டை பழையதாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் பட்டை போட்டால் மாட்டுவதும் கழற்றுவதும் சுலபம், கொக்கி பற்றிய கவலையும் போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. நீச்சல் குளத்தில் ஒரு காலில் ரோண்டினே, மறு காலில் பூட்ஸோடு ஜெட் ஃபின். இரண்டு கால்களையும் ஒரே சீராக மேலும் கீழும் உதையுங்கள். உடல் ஒரு பக்கம் திரும்பினால், அந்த உதைக்கு எது அதிகம் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும்: இடது கால் பலமாகத் தள்ளினால் வலப்பக்கம் போவீர்கள். எந்தத் தொடை முதலில் கெஞ்சுகிறது என்பதையும் கவனியுங்கள். அடுத்து, ஒரே ஜோடியைப் போட்டுக்கொண்டு ஒரே தூரத்தை நிதானமாக நீந்தி, மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஜோடியை மாற்றுங்கள். அவசரமாக நீந்தி நேரம் பார்ப்பதில் அர்த்தமில்லை, டைவில் யாரும் பந்தயம் ஓடுவதில்லை.

இன்றைய ஃபின்களோடு ஒப்பிட்டால்? ஜெட் ஃபின் இன்னும் விற்பனையில் இருக்கிறது, அது தேறுமா என்று நான் சொல்லத் தேவையில்லை. பழைய ரோண்டினே எடையிலும் துள்ளலிலும் இன்றைய பிளாஸ்டிக் தகடுகளிடம் பின்தங்கும். ஆனாலும் வெதுவெதுப்பான தண்ணீரில், நீரோட்டம் இல்லாத ஆழம் குறைந்த இடத்தில், மெதுவாகச் சுற்றிப் பார்க்க நான் அதைத்தான் எடுப்பேன். நீரோட்டமுள்ள கடல் என்றால் பூட்ஸும் ஜெட் ஃபின்னும்.

உங்கள் ரோண்டினேவில் அளவு எண் பொறித்திருக்கும். அதையும் உங்கள் பாதத்தின் நீளத்தையும் எழுதி அனுப்புங்கள், வளையம் போட்டுச் சமாளிக்க முடியுமா என்று சொல்கிறேன்.