காகியெமொன் பீங்கான்: இரண்டு காடைகளும் ஒரு வெண்மையும்

[காட்சி: எண்கோண வடிவத் தட்டு, மேலிருந்து]

இந்தத் தட்டில் வண்ணம் தீட்டிய இடத்தைவிடத் தீட்டாமல் விட்ட இடமே அதிகம். ஒரு பக்கமாக இரண்டு காடைகள் நிற்கின்றன. ஒன்று குனிந்து தரையைக் கொத்த, மற்றொன்று நிமிர்ந்து பார்க்கிறது. அவற்றுக்கு மேலே தினைக்கதிர்கள் வளைந்து தொங்குகின்றன. மற்றதெல்லாம் வெள்ளை. ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள அரிதாவில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்ட காகியெமொன் பாணிப் பீங்கான் இப்படித்தான் இருக்கும்.

அரிதாவின் வழக்கமான பீங்கானில் லேசான நீலம் பாய்ந்திருக்கும். நிகோஷிதே எனப்படும் இந்த வகையிலோ அந்தச் சாயல் இல்லை; அரிசி களைந்த நீரின் நிறத்தை ஒத்த, கண்ணுக்கு இதமான வெண்மையே உள்ளது. இந்த மண்கலவை சூளையில் எளிதில் கோணிவிடும், விரிசலும் விடும் என்பதால், பழுதில்லாமல் வெளிவரும் ஒவ்வொரு தட்டும் அரிதானது. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற வெண்மையை ஓவியர்கள் வண்ணங்களால் மூடாமல் விட்டதில்தான் இந்தக் கலையின் மேன்மை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

[காட்சி: காடையின் இறகுகள், மிக அருகில்]

மெருகு, அதாவது கண்ணாடிப் பூச்சு, இட்ட தட்டு முதலில் ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுகிறது. அதன் பிறகே, உலோக ஆக்சைடுகள் கலந்த கண்ணாடிப் பொடியான எனாமலைக் கொண்டு ஓவியம் தீட்டி, சுமார் 800 டிகிரியில் மீண்டும் சுடுகிறார்கள். சிவப்பைத் தருவது இரும்பு, பச்சையைத் தருவது செம்பு. பச்சையும் நீலமும் ஒளி ஊடுருவும் கண்ணாடியாகவே உறைவதால், அடியில் வரைந்த மெல்லிய கோடுகள் அவற்றினூடே தெரிகின்றன. விரலால் தடவினால் அவை மேடாகத் தட்டுப்படும். சிவப்பு மட்டும் மெலிதாகப் படிந்திருக்கும்.

இந்த வண்ணமுறையை 1640களில் அரிதாவில் கைவரப்பெற்றவராகக் குயவர் முதலாம் சாகைதா காகியெமொனைக் குறிப்பிடுவது மரபு. 1644இல் மிங் பேரரசு வீழ்ந்து சீனப் பீங்கான் வரத்துத் தடைபட்டபோது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிதாவை நாடியது. 1659இல் பல்லாயிரக்கணக்கான பாத்திரங்களுக்கு ஒரே சமயத்தில் ஆணை கொடுத்தது. ஐரோப்பிய அரண்மனைகளில் இவை குவிந்தன. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியை ஆண்ட அகஸ்டஸ் இவற்றை வெறியோடு சேகரித்தார்; 1710இல் அவர் நிறுவிய மைசென் பீங்கான் ஆலை காகியெமொன் வடிவங்களை அப்படியே நகலெடுத்தது.

அரிதாவில் நிகோஷிதே 18ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. காகியெமொன் என்ற பெயரை வழிவழியாகத் தாங்கும் அக்குடும்பத்தின் பன்னிரண்டாம் காகியெமொனும் அவர் மகனும் அதை 1953இல் மீட்டெடுத்தார்கள்.

[காட்சி: தட்டின் அடிப்பகுதி]

மைசென் நகல்கள் எவ்வளவு நேர்த்தியானவை என்றால், பாரிஸ் வணிகர் ரோடால்ஃப் லெமேர், ஆலையின் வாள்முத்திரையை எளிதில் அழிக்கக்கூடியவாறு இடச்செய்து, அவற்றை ஜப்பானியப் பொருளாக விற்க முனைந்தார். அதனால் பழந்தட்டு ஒன்று கைக்கு வந்தால் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். சூளையில் தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் இருக்க, அரிதாக் குயவர்கள் சிறு மண்முளைகளை முட்டுக்கொடுத்தார்கள். அவற்றை உடைத்தெடுத்த இடத்தில் புள்ளி புள்ளியாகத் தழும்புகள் தெரியும். முத்திரையைச் சுரண்டி அழித்ததுபோல் நடுவே மெருகு தேய்ந்திருந்தால், அது மைசென் தட்டாக இருக்கக்கூடும்.