கழுதை தேடப் போன சவுலும் சீகேமில் வழி சொன்ன மனிதனும்

ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்: "பழைய ஏற்பாட்டில் செங்கடல் பிளக்கிறது, மன்னா பொழிகிறது. என் வாழ்க்கையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. சாதாரண நாட்களிலும் தேவன் செயல்படுகிறாரா? அதை அந்த நேரத்திலேயே கண்டுகொள்ள முடியுமா?"

செயல்படுகிறார். அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் கஷ்டமானது. 1 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கீஸ் என்கிற பென்யமீன் கோத்திரத்தாரின் கழுதைகள் காணாமல் போய்விட்டன. மகன் சவுலும் ஒரு வேலைக்காரனும் தேடப் போகிறார்கள். எப்பிராயீம் மலைகள், சலீஷா நாடு என்று அலைந்து சூப் நாட்டுக்கு வந்துவிட்டார்கள். கழுதை கிடைக்கவில்லை. பையில் இருந்த அப்பமும் தீர்ந்துபோயிற்று. சவுல் சொல்கிறான், "திரும்பிவிடலாம், அப்பா கழுதைகளை விட்டுவிட்டு நம்மை நினைத்துக் கவலைப்படுவார்." அந்த இடத்தில் அவன் திரும்பியிருக்க வேண்டியது. வேலைக்காரன்தான், "இந்தப் பட்டணத்தில் தேவனுடைய மனுஷர் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்ப்போம்" என்கிறான். கையில் காணிக்கை இல்லையே என்றால், கால் சேக்கல் வெள்ளி அவனிடமே இருக்கிறது. மேட்டில் ஏறும்போது தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் எதிர்ப்படுகிறார்கள். "சீக்கிரம் போங்கள், இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்" என்கிறார்கள்.

இதில் எது அற்புதம்? ஒன்றுமே இல்லை. ஆனால் முந்தின நாளே கர்த்தர் அந்த தேவனுடைய மனுஷரான சாமுவேலிடம் சொல்லிவிட்டார்: நாளை இந்நேரத்துக்கு ஒரு பென்யமீனனை உன்னிடம் அனுப்புவேன், அவனை இஸ்ரவேலின் தலைவனாக அபிஷேகம் செய். பாருங்கள், "அனுப்புவேன்" என்கிறார். சவுலுக்கோ தன்னை யாரும் அனுப்பியதாகவே தெரியாது. அவன் அப்பா சொல்லி, கழுதைகளுக்காக வந்தவன். அந்த வேலைக்காரனின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவனுடைய ஒரு யோசனை இல்லாவிட்டால் இருவரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். எனக்கு இந்த அதிகாரத்தில் சவுலைவிட அவனைத்தான் அதிகம் பிடிக்கும்.

எஸ்தரிலும் இதே மாதிரிதான். ராஜாவுக்கு ஓர் இரவு தூக்கம் வரவில்லை, அரண்மனை நடபடி புஸ்தகத்தை வாசிக்கச் சொல்கிறான், தன்னைக் கொல்ல நடந்த சதியை மொர்தெகாய் என்ற யூதர் வெளிப்படுத்திய நன்மை வெளியே வருகிறது. எபிரேய எஸ்தரில் தேவனுடைய பெயரே கிடையாது. அது பலருக்கும் தெரிந்ததுதான், நீட்ட வேண்டாம்.

ஆனால் ஆதியாகமம் 37ஐ விட்டுவிட மனம் வரவில்லை. யோசேப்பு, ஆடு மேய்க்கும் அண்ணன்மாரைப் பார்த்துவர, எபிரோனிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நடந்து சீகேமுக்கு வருகிறான். அண்ணன்மார் அங்கே இல்லை. வெளியில் தடுமாறிக்கொண்டிருந்தவனை ஒரு மனிதன் பார்த்து, "என்ன தேடுகிறாய்?" என்று கேட்கிறான். அப்புறம், "அவர்கள் தோத்தானுக்குப் போவோம் என்று பேசிக்கொண்டதைக் கேட்டேன்" என்று சொல்லி அனுப்புகிறான். அவ்வளவுதான் அவன் பங்கு. அந்த ஒரு வாக்கியத்தால் யோசேப்பு அண்ணன்மார் கையில் சிக்கிக் குழியில் தள்ளப்பட்டான், 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டான், எகிப்தில் சிறையில் கிடந்தான். சிறையில் அவன் உதவிய ராஜாவின் பானபாத்திரக்காரர் தலைவன் அவனை மறந்து 2 வருஷம் ஓடியது. விற்கப்பட்டபோது வயது 17, எகிப்தின் ராஜாவான பார்வோன் முன் நின்றபோது 30.

நாம் இதை வேகமாக வாசித்துவிடுகிறோம். அந்த 13 வருஷத்தில் யோசேப்பிடம் யாராவது போய், "தோத்தானுக்கு வழி சொன்ன மனிதன் தேவன் அனுப்பியவன்" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆகவே, துன்பத்தில் இருப்பவரிடம் இது தேவசித்தம் என்று நாம் அவசரமாக விளக்கம் சொல்லக்கூடாது. பஞ்சகாலத்தில் குடும்பம் பிழைத்த பிறகு யோசேப்பே அண்ணன்மாரிடம் அதைச் சொல்கிறான். அப்போதும், "நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள்" என்பதை அவன் மறைக்கவில்லை. தேவன் அதை நன்மையாக முடித்தார் என்கிறான். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன, ஆதியாகமம் 50:20.

சரி, அந்த நேரத்திலேயே கண்டுகொள்ள முடியுமா என்றால், சவுலாலும் முடியவில்லை, யோசேப்பாலும் முடியவில்லை. பஸ் தவறினால் அது என்ன அடையாளம், போன் வந்தால் அது என்ன அடையாளம் என்று ஒவ்வொன்றையும் நீங்கள் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சவுல் கழுதைகளைத்தான் தேடினான். அந்த வேலைக்காரன் தனக்குத் தோன்றிய நல்ல யோசனையைச் சொன்னான். சீகேமில் அந்த மனிதன் வழி தெரியாத ஒரு பையனுக்கு உதவினான்.