காயாம்பூ: பேர் தெரியும், பூ தெரியுமா?

[இருட்டுத் திரை. குரல் மட்டும்.]

திருமாலை "காயாம்பூ வண்ணன்"னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தக் காயாம்பூவை நேர்ல பார்த்திருக்கீங்களா? சங்குப்பூதானேன்னு கேக்கறவங்க உண்டு. இல்லீங்க, அது கொடி. இது புதர்.

[காட்சி: கோயில் காடு.]

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல, கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. இங்க கூட்டமா நிக்கறது காயாதான். காசான்னும் சொல்வாங்க. வெட்டாம விட்டா சின்ன மரமாகும். இலை தடிமனா, எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். நடுநரம்பு மட்டும்தான் பளிச்சுனு தெரியும். பூக்காத நாள்ல யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

[அண்மைக் காட்சி: கிளையை ஒட்டி நீலக் கொத்து.]

பூத்தா கதையே வேற. இலைக்கக்கத்துல, அதாவது இலை கிளையோட சேர்ற இடத்துல மட்டுமில்ல, இலை உதிர்ந்த பழைய கணுவுலயும் கொத்துக் கொத்தா வரும். வெறுங்கிளைக்கு நீல நூலைச் சுத்தி விட்ட மாதிரி இருக்கும். சங்கப் புலவர்கள் இதுக்கு மயிலை உவமை சொன்னாங்க. தனிப் பூவைப் பார்த்தா அது புரியாது, கிளையோட பார்க்கணும். ஒரு பூ சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 4 இதழ், 8 மகரந்தத்தாள்.

[ஒலி: வண்டின் ரீங்காரம். பின்னணி இசை வேண்டாம்.]

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த எட்டுதான். மகரந்தப்பை முழுசா பிளக்காது. சின்னக் கீறல் மட்டும் விடும். சும்மா உரசினா ஒண்ணும் கிடைக்காது. கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடிச்சுக்கும். இறக்கை அடிக்காம, மார்புத் தசையை மட்டும் அதிர வைக்கும். ஙொய்ய்ய்... சல்லடையைத் தட்டின மாதிரி மகரந்தம் அது வயித்துல கொட்டும். தக்காளிப் பூ, கத்திரிப் பூகூட இப்படித்தான் தூளைத் தருது.

[காட்சி: கருநீலப் பழங்கள், பிறகு கோரைப்பாய்.]

பழம் கருநீலம். உச்சியில குட்டிக் கிரீடம் இருக்கும். தின்னலாம், துவர்க்கும்.

இலை விஷயம் வேற. மண்ணுல இருக்கற அலுமினியத்தை உறிஞ்சி வெச்சுக்கும். துணியில சாயம் ஒட்டிப் பிடிக்கப் படிகாரம் போடுவாங்க இல்லையா, அதுலயும் அலுமினியம்தான் இருக்கு. அதனால அந்த வேலையை இந்த இலையே செய்யும். கடுக்காய், பதிமுகம்ங்கற சிவப்புச் சாயக் கட்டை கூடச் சேர்த்துக் கோரைப்பாய்க்கு அடர்சிவப்பு ஏத்தியிருக்காங்க நம்ம ஆளுங்க.

வீட்டுல வைக்கலாமான்னா, தாராளமா. ஆனா ரொம்ப மெதுவா வளரும்.

[காட்சி: மறுபடியும் காடு, காலை வெளிச்சம்.]

பங்குனி, சித்திரை வாக்குல கோயில் காட்டுப் பக்கம் போனா கிளை நுனியைத் தேடாதீங்க, பழைய கணுவைப் பாருங்க. அதுக்கும் முன்னாடி காதைக் கொடுங்க. எந்தப் புதர்ல வண்டு சத்தம் பலமா வருதோ, அங்க போங்க.