ஸ்பினோசாவின் புத்தக அலமாரி

நண்பர்களே, நெதர்லாந்தில் லைடன் நகருக்குப் பக்கத்தில் ரைன்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சின்ன வீட்டில் 1661 முதல் 1663 வரை தத்துவவாதி ஸ்பினோசா குடியிருந்தார். 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரை விலக்கி வைத்ததும், அவர் கண்ணாடி வில்லை தேய்த்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதை விட்டுவிடுகிறேன். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். அங்கிருக்கும் புத்தக அலமாரியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1677இல் ஹேக் நகரில் இறந்தபோது அவருக்கு வயது 44. அடக்கச் செலவு, பாக்கி எல்லாம் தீர வேண்டுமே. நோட்டரி வந்து உட்கார்ந்து, சட்டை, காலணி, வெள்ளிக் கொக்கி என்று ஒன்று விடாமல் எழுதினார். அப்புறம் புத்தகங்கள், சுமார் 160. பொருள்வாரியாக அல்ல, அளவுவாரியாக: பெரியவை முதலில், சட்டைப்பையில் அடங்குபவை கடைசியில். அதனால் பைபிளும் கணிதமும் ஸ்பானியக் கவிதையும் அந்தப் பட்டியலில் கலந்தே கிடக்கின்றன. சொத்தில் பங்கு கேட்ட சகோதரி ரெபேக்கா, கடன்தான் மிஞ்சும் போலிருக்கிறதே என்று பிற்பாடு ஒதுங்கிக்கொண்டார். தத்துவவாதி வீட்டிலும் கணக்கு கணக்குதானே!

புத்தகங்கள் ஏலத்தில் போய்ச் சிதறின. பட்டியல் மட்டும் ஆவணக் கட்டுகளுக்குள் பிழைத்துக் கிடந்து, இருநூறு ஆண்டுக்குப் பிறகு வெளிவந்தது. 1897இல் ஸ்பினோசாவுக்காக ஒரு சங்கம் அமைந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு அதே நூல்களை, கிடைத்தவரை அதே பதிப்புகளாகத் தேடிச் சேர்த்தார்கள்.

ஆக, அலமாரியில் இருப்பவை அவர் கைபட்ட பிரதிகள் அல்ல. இதைக் கேட்டதும் சிலருக்குச் சப்பென்று ஆகிவிடும். எனக்கு ஆகவில்லை. அவர் தொட்ட பேனாவைக் காட்டினால் கும்பிட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான். இங்கே அவர் படித்த பக்கம் எந்த எழுத்தில், எவ்வளவு ஓரம் விட்டு அச்சாகியிருந்தது என்று பார்க்கலாம். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டை அவர் எந்தப் பதிப்பில் படித்தார் என்ற கேள்விக்கு அலமாரியிலிருந்தே பதில் எடுக்கலாம்.

நாஜிகளும் “அசல் இல்லையே” என்று விட்டுவைக்கவில்லை. 1942இல் மொத்த நூலகத்தையும் பெட்டி கட்டி ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்தபின் புத்தகங்கள் ஊர் திரும்பின.

1920இல் வந்துபோன ஐன்ஸ்டைன் பார்வையாளர் ஏட்டில் கையெழுத்திட்டிருக்கிறார். போகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். சரி, கேளுங்கள். கூடவே அந்த நோட்டரியின் பட்டியலைப் பற்றியும் கேட்டுவிட்டு வாருங்கள்.