இன்சூரன்ஸ் ஏஜென்ட்டால் நமக்கு என்ன லாபம்? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு கணக்கு

[காட்சி: பாம்பன் பாலத்தின் கீழ் கட்டிப்போட்ட நாட்டுப்படகுகள். கேமரா மெதுவாகக் கரைப் பக்கம் திரும்புகிறது.]

வணக்கம். மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருப்பார். பெரும்பாலும் நமக்குச் சொந்தக்காரராகவோ தெருக்காரராகவோ இருப்பார். காதுகுத்து வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ளே, பிள்ளை பேருக்கு ஒண்ணு போட்டு வைப்போமே" என்று ஆரம்பிப்பார். மறுக்கவும் முடியாது.

இப்போது போனிலேயே பாலிசி எடுத்துவிடலாம். அப்புறம் நடுவில் இவர் எதற்கு, இவருக்குப் போகிற கமிஷன் வீண்தானே என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டால், அவருக்குக் காசு வருவது பாலிசி விற்கிற நாளில். நமக்கு அவர் தேவைப்படுவது வேறு நாட்களில். அந்த நாட்களில் அவர் வந்து நிற்கிறாரா என்பதில்தான் பதில் இருக்கிறது.

[காட்சி: திரையில் 24,000 என்ற எண். அதில் கால் பங்கு தனியாகப் பிரிகிறது.]

முதலில் காசு. நீண்ட காலச் சேமிப்புப் பாலிசிகளில் முதல் வருடப் பிரீமியத்தில் ஏறத்தாழ கால் பங்கு ஏஜென்ட்டுக்குப் போவது வழக்கம். அதன் பிறகு வருடாவருடம் 5 முதல் 7.5 சதவீதம். வருடப் பிரீமியம் 24,000 என்று வைத்துக்கொண்டால் முதல் வருடம் மட்டும் ஆறாயிரம் ரூபாய்க்குக் கிட்டே. உழைப்புக்குக் கூலி, அதில் தப்பில்லை. ஆனால் அதே ஏஜென்ட், இறந்துபோனவர் வீட்டுக்கு நாலு மாதம் அலைந்து கிளைம், அதாவது காப்பீட்டுப் பணம், வாங்கிக் கொடுத்தால் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கமிஷன் கிடையாது. சட்டம் அப்படி அமைந்திருக்கிறது. ஆகவே கிளைமுக்கு அலைகிற ஏஜென்ட் ஊரில் பேர் கெடக்கூடாது என்றோ, மனசாட்சிக்காகவோதான் அலைகிறார். எங்கோ ஒரு ஊரிலிருந்து போனில் விற்கிறவருக்கு இந்தப் பயம் இல்லை. நம்மூர் ஏஜென்ட் நாளைக்கும் அதே டீக்கடைக்கு வந்தாக வேண்டும்.

சில விஷயங்களுக்கு அவர் தேவையே இல்லை. நம் பைக்கால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்காக எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. யாரிடம் வாங்கினாலும் அடிப்படை விலை ஒன்றுதான். அதைப் போனிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயுள் காப்பீட்டிலும் மருத்துவக் காப்பீட்டிலும் கதை வேறு. அங்கே எல்லாம் விண்ணப்பத்தில் ஆரம்பிக்கிறது.

[காட்சி: ஒரு விண்ணப்பப் படிவம். 'தொழில்' என்ற கட்டம் பெரிதாகிறது.]

இந்தக் கட்டத்தைப் பாருங்கள். தொழில் என்ன? ராமேஸ்வரத்தில் விசைப்படகில் பங்குக்கு, அதாவது பிடிக்கிற மீனில் பங்கு வாங்கிக்கொண்டு, போகிறவர் என்றால் 'கடலில் மீன்பிடித் தொழில்' என்றுதான் எழுத வேண்டும். ஆபத்தான தொழில் என்று கம்பெனி கூடுதல் பிரீமியம் கேட்கலாம், கூடுதல் கேள்வி கேட்கலாம். சோம்பேறி ஏஜென்ட் என்ன செய்வார்? 'வியாபாரம்' என்று எழுதிவிட்டு, கையெழுத்து போடுங்கள் என்பார். சர்க்கரை நோய் இருக்கிறதா என்ற இடத்தில், "மாத்திரை தானே போடுறீங்க, ஊசி இல்லையே" என்று சொல்லி 'இல்லை' என்று டிக் அடிப்பார். அன்றைக்கு இது உதவி மாதிரித்தான் தெரியும். பிறகு கடலில் ஒன்று நடந்தால், பொய் சொன்னது நீங்கள் என்றுதான் கம்பெனி எடுத்துக்கொள்ளும். கையெழுத்து உங்களுடையது.

இந்தக் கட்டங்களை உள்ளபடி நிரப்பி, "அண்ணே, இதை மறைச்சா பின்னாடி உங்க வீட்டுக்காரங்கதான் அலையணும்" என்று சொல்கிற ஏஜென்ட் அந்தக் கமிஷனைச் சம்பாதித்துவிட்டார் என்பேன்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். மகன் துபாயிலோ சவூதியிலோ இருப்பான். லீவில் வந்த பத்து நாளில் பாலிசி போட்டு, முகவரி, வேலை எல்லாம் உள்ளூர்க் கணக்கில் எழுதிவிடுவார்கள். வெளிநாட்டில் வேலை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் இந்தியத் தூதரகம் சான்றளித்த இறப்புச் சான்றிதழ் வரை தேவைப்படும். அதைப் பற்றித் தெரிந்த ஏஜென்ட் ஊரில் ஒருவர் இருந்தால், அவர் போன் நம்பரை வீட்டுப் பெண்களிடமும் கொடுத்து வையுங்கள்.

சரி, இங்கே ஒரு சட்ட விஷயம். 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு. ஆயுள் காப்பீடு எடுத்து மூன்று வருடம் முடிந்துவிட்டால், விண்ணப்பத்தில் இது தப்பு, அது தப்பு என்று சொல்லிக் கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. நல்ல பாதுகாப்பு. ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. பாலிசி காலாவதியாகி அதை மறுபடி உயிர்ப்பித்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடக் கணக்கு புதிதாக ஓட ஆரம்பிக்கும்.

[காட்சி: நாட்காட்டி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சிவப்பு நிறம்.]

இது ஏன் நம் கரைக்கு முக்கியம் என்றால், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் இதே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதல்வர் அறிவித்தார். எட்டாயிரம் என்றாலும் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதம் ஓட்ட அது போதாது. இந்த நேரத்தில் பாலிசி டியூ, அதாவது பிரீமியத் தவணை, வந்தால் யார் கட்டுவார்கள்? வருட, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு 30 நாள் அவகாசம், மாதத் தவணை என்றால் 15 நாள். அதற்குள் கட்டாவிட்டால் பாலிசி லேப்ஸ், அதாவது காலாவதி.

போனில் விற்கிற கம்பெனிக்கு இந்த நாட்காட்டி தெரியாது. தெரிந்த ஏஜென்ட் பாலிசி போடும்போதே டியூ மாதத்தைத் தடைக்காலம் முடிந்து, கையில் காசு புழங்கும் மாதத்துக்கு வைப்பார். மிளகாய் போடும் முதுகுளத்தூர் பக்கத்து வீடு என்றால் அறுவடைக்குப் பிறகு வைப்பார். இதற்கு அவர் பெரிய படிப்பு படிக்க வேண்டாம். நம்மூரில் இருந்தால் போதும்.

ஆனால் ஒன்று. டியூவைக் கட்டச் சொல்லி ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் இங்கே ரொம்பவே உண்டு. ஆபிஸ் ராமநாதபுரத்தில், நம்மில் பலர் இருப்பது ராமேஸ்வரம் தீவில். பஸ் செலவு மிச்சம் என்று கொடுத்துவிடுகிறோம். 1997-ல் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பாலிசிதாரர் பிரீமியத்துக்கான காசோலையை ஏஜென்ட்டிடம் கொடுத்தார். ஏஜென்ட் அதை உடனே கட்டவில்லை. பாலிசிதாரர் விபத்தில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பணம் எல்.ஐ.சி.க்குப் போய்ச் சேர்ந்தது. ஏஜென்ட்டுக்குப் பிரீமியம் வசூலிக்க அதிகாரம் இல்லை, அவரிடம் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கட்டியதாக ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எவ்வளவு நெருங்கிய ஏஜென்ட்டாக இருந்தாலும் சரி, பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தோ யு.பி.ஐ.யிலோ நேராகக் கம்பெனிக்குப் போகட்டும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. "முதல் டியூவை நீங்களே கட்டிருங்க, பாலிசி போடுறேன்" என்று நம் ஆட்களே கேட்பார்கள். கமிஷனில் பங்கு கொடுப்பதும் வாங்குவதும் அதே இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவின்படி குற்றம், பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அது போகட்டும். கமிஷனை முதல் நாளே நாம் பிடுங்கிக்கொண்டால், பிறகு எந்த முகத்தோடு அவரைக் கிளைமுக்கு அலையச் சொல்வது?

[காட்சி: ராமேஸ்வரம் துறைமுகம், டோக்கன் வாங்கும் இடம்.]

இப்போது முக்கியமான நாள். கிளைம்.

சாதாரண மரணம் என்றால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். பாலிசி பாண்டு, இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், வங்கி பாஸ்புக். விசாரணை தேவைப்படாத மரணக் கிளைமை 15 நாளில் முடிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியே இருக்கிறது. விசாரணை என்றால் 45 நாள்.

கடலில் மரணம் என்றால் அப்படி இல்லை. உடல் கிடைத்தால் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும். விபத்தில் இறந்தால் கூடுதல் தொகை தரும் விபத்துப் பலன் பாலிசியில் இருந்தால் இந்த இரண்டும் இல்லாமல் அந்தத் தொகை நகராது. துக்க வீட்டில், உடலை அறுக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்று, அவர்கள் மனம் நோகாமல், பிரேதப் பரிசோதனை ஏன் வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எந்த ஆப்பும் இதைச் செய்யாது.

உடல் கிடைக்காவிட்டால் இன்னும் சிரமம். காணாமல் போனவர் ஏழு ஆண்டு வரை எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகச் சட்டம் கருதும். பொதுவாக அதற்கு நீதிமன்ற உத்தரவும் கேட்பார்கள். அதுவரை பாலிசியைக் கைவிட்டுவிடக்கூடாது. "ஆளே இல்லை, எதுக்குக் கட்டணும்" என்று நிறுத்தினால், பாலிசி காலாவதியாகி, கடைசியில் கிளைமே கேள்விக்குறியாகிவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத வீடுகள் ஏமாந்து நிற்கும்.

அந்த வீட்டுக்குப் போகிற ஏஜென்ட் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருக்கிறதா? மீன்வளத் துறையில் தகவல் கொடுத்தாயிற்றா? அன்றைக்குப் படகு கடலுக்குப் போக வாங்கிய அனுமதி டோக்கனின் நகல் எங்கே? அந்தப் படகு அன்று கடலுக்குப் போனது என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டு ஒரு சாட்சி. கூடப் போனவர்கள் யார், அவர்கள் வாக்குமூலம் கொடுத்தார்களா? ஏழு வருடம் கழித்துத் தேடினால் இதில் எதுவும் கிடைக்காது.

[காட்சி: மூன்று அட்டைகள் வரிசையாக வருகின்றன.]

ஒரு ஏஜென்ட் எப்படிப்பட்டவர் என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது. தனக்குக் கமிஷன் வராத திட்டங்களைப் பற்றி அவர் வாயைத் திறக்கிறாரா?

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம், வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை சேரலாம். வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஜீவன் ஜோதி திட்டம், வருடத்துக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 50 வயதுக்குள் சேர வேண்டும். மீனவர்களுக்கு மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது: இறப்புக்கு 5 லட்சம், பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டிவிடும். மீன்வளத் துறையில் பேர் பதிவாகியிருந்தால் போதும். இருக்கிறதே தெரியாமல் கேட்காமல் விட்ட குடும்பங்கள்தான் பாவம்.

வீட்டுக்கும் ஒன்று உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன கதையைச் சொல்லாத வீடு இந்தத் தீவில் இல்லை. ஆனால் வீட்டுக்குக் காப்பீடு எடுத்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2021-லிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விதிகளோடு விற்கும் பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம், தீ எல்லாம் அதில் வரும். பிரீமியம் சின்னது, கமிஷனும் சின்னது. அதனால் பேச்சிலேயே வராது.

"உங்களிடம் பாலிசி போடுவதற்கு முன், இருபது ரூபாய்த் திட்டத்தில் நான் சேர்ந்திருக்கிறேனா என்று பாருங்கள்" என்று ஏஜென்ட்டிடம் சொல்லிப் பாருங்கள். உடனே பாஸ்புக்கை வாங்கிப் புரட்டுகிறவர் ஒரு ரகம். "அதெல்லாம் வராதுங்க" என்கிறவர் இன்னொரு ரகம்.

டெர்ம் பாலிசி, அதாவது சேமிப்பு இல்லாமல் உயிருக்கு மட்டும் காப்புத் தரும் பாலிசி, பற்றியும் கேளுங்கள். முப்பது வயதுக்காரர் வருடம் 24,000 கட்டி எடுக்கும் இருபது வருடச் சேமிப்புப் பாலிசியில் உயிருக்குக் கிடைக்கும் காப்பு ஐந்து லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதில் பாதிப் பிரீமியம்கூட இல்லாமல் 50 லட்சத்துக்கு டெர்ம் எடுக்கலாம். ஆனால் ஏஜென்ட்டை மட்டும் திட்ட முடியாது. டெர்முக்கு வருமானச் சான்று கேட்பார்கள். பங்குக்குக் கடலுக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டு ஏது? வருமான வரிக் கணக்கு ஏது? வங்கிக் கணக்கு வரவை வைத்து எந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ளும் என்று தேடிச் சொல்கிறவர்தான் வேலை தெரிந்த ஏஜென்ட். அவர் பெரும்பாலும் ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்குத்தான் ஏஜென்ட் என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொரு கம்பெனி நல்லது என்று சொல்ல அவருக்குக் காரணம் இல்லை.

[காட்சி: போன் திரை. 155255.]

பாலிசி கையில் வந்த பிறகு பிடிக்கவில்லையா? 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை, கம்பெனியும் இழுத்தடிக்கிறது என்றால் 155255 என்ற எண்ணில் ஆணையத்திடம் புகார் சொல்லலாம். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படகுக் காப்பீட்டைப் பற்றி இதில் பேசவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகுக்குப் பாலிசியில் காசு வருமா என்று கமென்ட்டில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். வழக்கமான கடல்சார் பாலிசிகளில் சிறைப்பிடிப்பு விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். உங்கள் பாண்டை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ பிடித்து அனுப்புங்கள், பேரையும் பாலிசி எண்ணையும் மறைத்துவிட்டு. அடுத்த வீடியோவில் வரிவரியாகப் பார்ப்போம்.