பட்டியலை உங்கள் கையால் எழுதுங்கள்

(ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தேர்வு முடிந்தது. உங்கள் விடைத்தாள் இப்போது எங்கோ ஒரு திருத்தும் மையத்தில் கட்டுக்குள் இருக்கிறது. அதில் இனி அரை மார்க்கைக்கூட நம்மால் கூட்ட முடியாது. ஆனால் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது மார்க்கோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை. விண்ணப்பத்தை எப்படிப் போடுகிறீர்கள் என்பதிலும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மே, ஜூன் வந்தால் விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் உங்கள் சித்தப்பாமார்கள் அதற்கென்று தனியாகப் படித்தார்கள். 2007-08 கல்வியாண்டு முதல் அது இல்லை. பிளஸ் டூ மார்க்தான். கணக்கு அப்படியே நூற்றுக்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் இருநூறு. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92, 42, 44 கூட்டினால் 178. அதுதான் உங்கள் கட்-ஆஃப். பின்வரிசையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: கணக்கில் ஒரு மார்க் போனால் இயற்பியலில் இரண்டு மார்க் போனதற்குச் சமம். ஒரே கட்-ஆஃபில் பல பேர் நிற்கும்போது முதலில் பார்ப்பதும் கணக்கு மார்க்தான்.

இங்கே யாரும் உங்களை நேர்காணலுக்குக் கூப்பிடப் போவதில்லை. நல்ல பிள்ளை, கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளை என்று நாங்கள் யாரும் கடிதம் எழுதித் தர முடியாது. உங்களைப் பற்றி இடம் ஒதுக்குகிற கம்ப்யூட்டருக்குத் தெரியப்போவது நீங்கள் அதில் பதிந்தது மட்டும்தான். அதனால்தான் அதை நீங்களே பதிய வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

போன ஆண்டு ஒரு தம்பி ஓடி வந்தான். இடம் ஒதுக்கி அலாட்மெண்ட் வந்துவிட்டது, உறுதி செய்ய இரண்டு நாள்தான் அவகாசம், அதில் ஒரு நாள் போய்விட்டது. பாஸ்வேர்டு தெரியாது. மாற்றலாம் என்றால் ஓடிபி போகிற செல் நம்பர் பிரவுசிங் சென்டர்க்காரருடையது. சென்டர் பூட்டியிருக்கிறது, அவர் குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்கிறார், போனில் சிக்னல் இல்லை. அந்தப் பையனின் அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர். சட்டைகூட மாற்றாமல் வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ராத்திரி பத்தே முக்காலுக்கு சென்டர்க்காரர் போனை எடுத்தார், ஓடிபி வந்தது, பையன் தப்பித்தான். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து போடுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் நம்பரும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டை வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். கவுன்சலிங் முடியும்வரை அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள்.

அடுத்து சான்றிதழ்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலில் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் இது ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றக்கூடியது என்று உங்களுக்கே தெரியும். இதற்கு ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று விண்ணப்பத்தில் சரியாகப் பதிய வேண்டும். ஏழு ஆண்டுக்கும் ஏழு வரி. நடுவில் ஓர் ஆண்டு மாமா ஊரில் படித்திருந்தால் அந்தப் பள்ளியின் பெயரைத் தேடி எடுத்துப் போடுங்கள். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். ரிசல்ட் வந்த அன்றைக்குப் போனால் வரிசை தெருமுனை வரை நிற்கும்.

பெயரும் இனிஷியலும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் 'முருகேசன்', மார்க் ஷீட்டில் 'முருகேஷ்' என்று இருந்தால் அதற்கு ஒரு நாள் அலைய வேண்டிவரும். அந்த ஒரு நாள் உங்களிடம் இப்போது இருக்கிறது, ஜூலையில் இருக்காது.

இனி சாய்ஸ் பட்டியல், அதாவது எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று நீங்கள் வரிசையாகப் பதிகிற பட்டியல். இதில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாந்துபோவதைப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

உங்கள் ரேங்க் நாற்பதாயிரம் என்று வையுங்கள். கம்ப்யூட்டர் உங்கள் ரேங்க் வருகிற ரவுண்டில் முன்னால் இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு உங்களிடம் வரும். உங்கள் பட்டியலை முதல் வரியிலிருந்து படிக்கும். முதல் வரியில் இடம் இருக்கிறதா? இல்லை. இரண்டாவது? இல்லை. இப்படியே இறங்கி, எந்த வரியில் உங்களுக்குரிய இடம் காலியாக இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கவே பார்க்காது.

"சார், பெரிய கல்லூரியை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால், ரெண்டாவதாகப் போட்டதை வேறு ஒருத்தர் முதல் சாய்ஸாகப் போட்டு வாங்கிக்கொள்வாரே?" என்று ஒவ்வொரு ஆண்டும் ஒருவராவது கேட்கிறார். அப்படி நடக்காது. ரேங்கில் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் ஒரு கல்லூரியை முதல் சாய்ஸாகவே போட்டிருக்கட்டும், நீங்கள் அதையே நாற்பதாவது சாய்ஸாகப் போட்டிருங்கள், உங்கள் முறைதான் முதலில் வரும். ஆகையால் கிண்டி பொறியியல் கல்லூரியோ குரோம்பேட்டை எம்ஐடியோ மதுரை தியாகராசரோ, ஆசை இருந்தால் மேலே எழுதுங்கள். நஷ்டம் ஒன்றும் கிடையாது.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முன் ஒரு பெண், கட்-ஆஃப் 168. சிவில்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் அப்பா கொத்தனார். அவர் கட்டிய வீடுகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். அவளுக்காகப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர், 'பக்கத்திலேயே இருக்கிறது, பஸ் வீட்டு வாசலுக்கே வரும்' என்று ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவை முதல் வரியில் வைத்துவிட்டார். அவள் கேட்ட அரசுக் கல்லூரி சிவில் ஐந்தாவது வரி. முதல் வரியே கிடைத்துவிட்டது. கிடைத்ததை வைத்துக்கொண்டு மேல் வரிகளுக்குக் காத்திருக்கிற 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு' கொடுத்து மேலே போகலாமே என்றால், முதல் வரிக்கு மேலே வரி ஏது? அந்த ஆண்டு அந்த அரசுக் கல்லூரியில் அதே சிவில், அவளுடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவில், அவளைவிடக் குறைந்த கட்-ஆஃபுக்குப் போனது. என்னிடம் வந்து அந்தத் தாளைக் காட்டினாள். ஐந்தாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். எனக்கு இன்றைக்கும் அந்த விரல்தான் கண் முன்னால் நிற்கிறது.

அதற்காகச் சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மூன்று கட்டம் போடுங்கள். கல்லூரி கோட், பிரிவு, போன ஆண்டு உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி இடம் எந்தக் கட்-ஆஃபுக்குப் போனது. இந்தக் கட்-ஆஃப் விவரம் எல்லாருக்கும் பார்க்கக் கிடைக்கிறது. கோட் எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். கிண்டிக்கு 1, பிஎஸ்ஜி டெக்குக்கு 2006, தியாகராசருக்கு 5008. கவுன்சலிங்கில் நானூறுக்கும் மேல் கல்லூரிகள் இருக்கின்றன, பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பவை நிறைய. பெயரைப் பார்த்துச் சொடுக்கிவிட்டு வேறு மாவட்டத்தில் போய் நின்றவர்களைத் தெரியும்.

உங்கள் கட்-ஆஃபைவிட மேலே உள்ளவை கொஞ்சம், சமமாக உள்ளவை நிறைய, கீழே உள்ளவையும் தாராளமாக எழுதுங்கள். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், அப்படியிருக்க பத்தோடு நிறுத்தாதீர்கள். ஆனால் கிடைத்தால் போகமாட்டேன் என்று மனசு சொல்கிற கல்லூரியை மட்டும் எண்ணிக்கைக்காக எழுத வேண்டாம்.

முடிந்தால் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு அப்பாவோடு பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். வரவேற்பறையில் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மூன்றாம் ஆண்டு அண்ணன் அக்காவிடம் கேளுங்கள்: லேபில் மிஷின் ஓடுகிறதா, வாத்தியார்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கிறார்களா. அவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நோட்டு நிரம்பிய பிறகு அதை ஒரு முறை பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும், 'இதற்குக் கீழே உள்ளது எல்லாவற்றையும்விட இது எனக்கு வேண்டுமா?' என்று அவர்களே கேட்டுக்கொள்ளட்டும். தடுமாறுகிற இடத்தில் வரியை மாற்றி எழுதட்டும். பட்டியலை இறுதியாக உறுதி செய்து லாக் செய்வது அதற்குப் பிறகு.

பேசியது போதும். சாதிச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் கையோடு கொண்டு வரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் இப்படி முன் வரிசைக்கு வாருங்கள். மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இனிஷியலிலிருந்து ஆரம்பிப்போம்.