கொடியை இறக்கச் சொல்லி நடந்த மேயர்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒரு சிறுநகர மேயரின் பொதுவாழ்வில் விஞ்சி நிற்பது கட்டுமானமா, நல்லிணக்கமா என்ற தலைப்பில், நல்லிணக்கமே என்று வாதிட வந்திருக்கிறேன். என் சான்று, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகருக்கு 1975 முதல் 2016 வரை, தொடர்ந்து 10 முறை தேர்ந்தெடுக்கப்பட்டு, 40 ஆண்டுகள் மேயராக இருந்த ஜோசப் ரைலி.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், 1990-இல் கூப்பர் ஆற்றங்கரையில் திறக்கப்பட்ட பூங்காவை எடுத்துக்காட்டினார். அழகான பூங்கா, மறுக்கவில்லை. ஆனால் ஆற்றங்கரையைப் பணம் படைத்தவர்களின் மாளிகைகளுக்கு விட்டுவிடாமல், எவரும் வந்து அமரும் பொது இடமாக்கிய அந்த மனத்தைத்தானே நாம் முதலில் பேச வேண்டும்?

அடிமை வணிகத்தால் செழித்த ஊர் அது. அங்கே வெள்ளையரான ரைலி, 1982-இல் ரூபன் கிரீன்பெர்க் என்ற கறுப்பினத்தவரைக் காவல்துறைத் தலைவராக அமர்த்தினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தாம். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி மாநிலச் சட்டமன்றக் கோபுரத்தின்மேல் பறந்துகொண்டிருந்தபோது, அதை இறக்கக் கோரி 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில், தலைநகர் கொலம்பியாவுக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரத்தை 5 நாள்களில் மக்களோடு சேர்ந்து நடந்தே கடந்தார். வாக்கு இழக்கும் அச்சமுள்ளவர் எடுத்துவைக்கும் அடிகளா அவை? அவ்வாண்டு ஜூலையில் கொடி கோபுரத்திலிருந்து இறங்கியது. வளாகத்திலேயே வேறோர் இடத்தில் நட்டார்கள் என்பதும் உண்மை. அங்கிருந்தும் அது அகல, 2015-இல் சார்ல்ஸ்டனின் இமானுவேல் தேவாலயத்தில் 9 பேர் இனவெறிக்குப் பலியாக வேண்டியிருந்தது. அந்தத் துயரத்தில் கொலையாளியை மன்னித்த பெருமை, இறந்தோரின் குடும்பத்தினர் சிலருக்கே உரியது. அதை மேயரின் கணக்கில் நான் எழுத மாட்டேன்.

நகரம் அழகுபட, வாடகையும் நிலவிலையும் ஏறிக் கறுப்பினக் குடும்பங்கள் பல வெளியேறின என்ற குறையையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறை கட்டுமானத்தின் பக்கம் விழுவதல்லவா, நடுவர் அவர்களே?

பதவி முடிந்த பிறகும் அவர் ஓயவில்லை. 2000-இல் தாம் அறிவித்த ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகத்துக்காகத் தொடர்ந்து நிதி திரட்டினார். 2023-இல் அது திறக்கப்பட்டது. எதிரணியினர் அந்தக் கட்டடத்தையும் தங்கள் கணக்கில் சேர்ப்பார்களானால், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் பல்லாயிரவர் கரையிறக்கப்பட்ட கேட்ஸ்டன் துறையில், அந்த மண்ணின்மேல் அமராமல் தூண்கள்மேல் அது உயர்த்திக் கட்டப்பட்டது ஏன் என்பதையும் சொல்லிவிட்டுச் சேர்க்குமாறு கேட்டு அமர்கிறேன்.